மடியில் வைத்த போளிக் கூடை

செங்கல்பட்டிலிருந்து மாமல்லபுரம் போகிற காலைப் பேருந்தில் எனக்கு எப்போதும் ஜன்னலோரம் இடம் கிடைத்துவிடும். கிளம்புகிற இடத்திலேயே ஏறுகிறவளுக்கு இருக்கிற ஒரே சலுகை அது. கடலுக்குப் பக்கத்தில் ஒரு பள்ளியில் தமிழ் சொல்லிக்கொடுக்கும் வேலை. பதினோரு வருடம் அதே வண்டி, அதே பக்கம். ஏரி வரும், போகும். மலைமேல் கோயில் தெரியும், திரும்பும். உப்புக்காற்று முதலில் உதட்டில் படும், பிறகுதான் மூக்குக்குத் தெரியும்.

உட்கார்ந்திருப்பவள் மடி அவளுடையது இல்லை. நிற்கிறவர்கள் கேட்கக்கூட மாட்டார்கள், நீட்டுவார்கள், நாம் வாங்கி வைத்துக்கொள்வோம். புத்தகப்பை, டிபன் கேரியர், கத்திரி நாற்றுக் கட்டு. ஒரு முறை திருக்கழுக்குன்றத்தில் இறங்க வேண்டிய ஒருத்தி கைக்குழந்தையைக் கொடுத்துவிட்டுப் பின்பக்கம் போய்விட்டாள். அது என் மடியை நனைத்துவிட்டுச் சிரித்தது.

திருக்கழுக்குன்றத்தில் ஒரு போளிக்கார அம்மாள் ஏறுவாள். ஐம்பதைத் தாண்டியிருப்பாள், முழங்கால் இரண்டும் வெளிப்பக்கம் வளைந்திருக்கும். பிரம்புக் கூடை, அதன்மேல் ஈரத்துணி, துணிக்குக் கீழே வாழை இலை, இலைக்குக் கீழே சூடு ஆறாத போளிகள். மாமல்லபுரம் பேருந்து நிலையத்தில் விற்பாள். ஏறியதும் கூட்டத்தை முழங்கையால் விலக்கிக்கொண்டு என்னிடம் வருவாள். கூடை என் மடிக்கு வரும். அரைமணிக்கு மேல் நெய் மணமும் வெல்லத்தின் சூடும் என் தொடைமேல் உட்கார்ந்திருக்கும்.

“இன்னா ஆயா, கூடைக்கு டிக்கெட் எடுத்தியா?” என்பார் நடத்துநர், தினமும்.

“கூட இன்னா வுன் தலமேலயா குந்திகினு கீது? டீச்சரு மடில கீது. வுனுக்கு இன்னாத்துக்கு நோவுது?”

அவளிடம் நான் ஒரு போளிகூட வாங்கியதில்லை. அவளும் வாங்கச் சொன்னதில்லை. மடி கொடுக்கிறவளிடம் வியாபாரம் பேசக்கூடாது என்று ஒரு கணக்கு அவளுக்கு.

தொண்ணூறுகளின் கடைசியில், எனக்கு முப்பத்தேழு வயதில், சர்க்கரை வந்தது. தாகம் முதலில். பள்ளிக்கூடத்துப் பானை முழுவதும் எனக்கே வேண்டும் போலிருக்கும். பிறகு இளைப்பு. ரவிக்கையை இரண்டு முறை பிடித்துத் தைத்தேன். எங்கள் தெரு முனையில் இருந்த மருத்துவர் ரத்தம் பார்த்துவிட்டு மாத்திரை எழுதினார். ஒல்லியாக இருக்கிறவளுக்கு வருமா என்று கேட்டேன். “எல்லாருக்கும் வரும்மா” என்றார். பாதி மாத்திரை ஒன்றானது, ஒன்று இரண்டானது. ஒன்றரை வருடம் சொன்ன பேச்சைக் கேட்ட சர்க்கரை, அதற்கப்புறம் கேட்கவில்லை.

சோற்றை விட்டேன். காபிக்குச் சர்க்கரை விட்டேன், பிறகு காபியையே விட்டேன். பாகற்காயை வேகவைத்து உப்பில்லாமல் தின்றேன். சாயங்காலம் ஏரிக்கரையில் நடந்தேன். ஒவ்வொரு முறை ரத்தம் கொடுக்கும்போதும் எண் ஏறியே வந்தது. அசதி என்றால் வேலை செய்த அசதி இல்லை. தூங்கி எழுந்த பிறகும் உடம்பு படுக்கையிலேயே கிடக்கும், நான் மட்டும் எழுந்து பல் துலக்கப் போவேன்.

ஒரு நாள் மகளும் கூட வந்திருந்தாள். பதிமூன்று வயது. மருத்துவர் தாளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பேனாவை மூடினார்.

“டீச்சர், ரிப்போர்ட் பொய் சொல்லாது. வேற யாரோ சொல்றாங்க.”

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. “வீட்ல யாராவது கொஞ்சம் கவனிச்சுக்கங்க” என்று மகளைப் பார்த்துச் சொன்னார். அவருக்கு அது போகிற போக்கில் சொன்ன வார்த்தை. என் மகளுக்கு அது உத்தரவு. அவளுடைய வகுப்புத் தோழியின் அப்பாவுக்கு அந்த வருடம்தான் சர்க்கரையால் காலை எடுத்திருந்தார்கள். அந்த வீட்டுக்குப் போய்விட்டு வந்த நாளிலிருந்து அவள் என் பாதத்தைப் பார்ப்பாள். நான் செருப்பைக் கழற்றும்போது, கால் நீட்டி உட்காரும்போது, விரல் விரலாகப் பார்ப்பாள்.

கோடு போடாத நோட்டு ஒன்றை எடுத்துக்கொண்டாள். நான் சாப்பிட்டதெல்லாம் அதில். காலை, இரண்டு இட்லி. பதினொன்றரை, மோர். தன் கண்ணால் பார்த்ததற்கு டிக் அடிப்பாள். பள்ளிக்கூடத்தில் சாப்பிட்டதாக நான் சொன்னதற்குக் கேள்விக்குறி போடுவாள். ஒரு பக்கத்தில் ஐந்து டிக் இருந்தால் ஏழு கேள்விக்குறி இருக்கும். அந்த நோட்டைத் திருத்திக் கொடுக்க என் கை துறுதுறுக்கும். நான் தமிழ் டீச்சர், கேள்விக்குறிக்குப் பிறகு என்ன வரவேண்டும் என்று எனக்குத் தெரியும். ஆனால் எதைச் சொன்னாலும் அவள் எழுதப்போவது இன்னொரு கேள்விக்குறி.

பிறகு முகர ஆரம்பித்தாள்.

“உன் புடவையில நெய் வாசம் வருதும்மா.”

“பஸ்ல ஒரு அம்மா போளிக் கூடையை மடியில வைப்பாங்கடி.”

“தினமுமா?”

“தினமும்.”

“உன் மடியில மட்டும்?”

எவ்வளவு உண்மையோ அவ்வளவு நம்பமுடியாததாக இருந்தது, எனக்கே. புடவையின் மடிப்பில் நெய் வட்டமாகப் படிந்திருந்தது. அவள் அதை விரலால் தொட்டு முகர்ந்தாள். நோட்டை எடுக்கப் போனாள்.

அடுத்த முறை எண் முந்நூறைத் தாண்டியது. அன்று மாலை அவள் தட்டை நகர்த்தினாள். நான் உண்மையைச் சொல்கிறவரை சாப்பிட மாட்டாளாம். சும்மா சொல்கிறாள் என்று நினைத்தேன். மறுநாள் காலையும் சாப்பிடவில்லை. மதியத்துக்குக் கட்டிக்கொடுத்த டப்பா திறக்காமலே திரும்பி வந்தது. சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். தோள் எலும்பு இரண்டும் கவுனுக்குள் கூர்மையாகத் தெரிந்தன.

என் கணவருக்குச் சென்னையில் வேலை. விடியும் முன் மின்சார ரயிலில் போய், விளக்கு வைத்தபின் மின்சார ரயிலில் வருகிறவர். ஷூவைக் கழற்றிக்கொண்டே சொன்னார்: “ஏதாவது ஒண்ணை ஒத்துக்கிட்டுத் தொலையேன். குழந்தை சாப்பிடட்டும்.”

“நீங்களும் நான் திருடித் திங்கறேன்னு நினைக்கிறீங்களா?”

“நான் என்ன நினைச்சா என்ன. எனக்குப் பசிக்குது, அவளுக்கும் பசிக்குது.”

அவர் பதில் சொல்லவில்லை என்பது எனக்கு உடனே உறைக்கவில்லை. உறைத்தபோது கோபப்படத் தெம்பில்லை. நான் போய் அவள் பக்கத்தில் படுத்தேன். அவள் முதுகிடம் சொன்னேன்.

“ஆமா. சாப்பிட்டேன்.”

திரும்பவில்லை. “என்ன?”

“போளி.”

“எத்தனை?”

“ஒண்ணு.” அது போதாது என்று தோன்றியது. “தினமும் ஒண்ணு.”

அப்போது திரும்பினாள். திட்டுவாள் என்று நினைத்தேன். என் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதாள். பிறகு எழுந்து மூன்று தோசை சாப்பிட்டாள். சாப்பிடும்போது அவள் முகத்தில் இருந்த நிம்மதியை நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். போளிதான் காரணம் என்றால் போளியை நிறுத்தினால் போதும். அம்மா பொய்க்காரியாக இருந்தால் அம்மா பிழைத்துக்கொள்வாள். குழந்தை அப்படித்தான் கணக்குப் போட்டிருக்கிறாள். அதில் தப்புக் கண்டுபிடிக்க எனக்கு மனம் வரவில்லை.

நான் செய்த காரியம் சனிக்கிழமைதான் புரிந்தது. எனக்குச் சிறப்பு வகுப்பு, அவளுக்கு விடுமுறை. நானும் வருகிறேன் என்றாள். திருக்கழுக்குன்றத்தில் போளிக்கார அம்மாள் ஏறினாள், வந்தாள், வழக்கம்போலக் கூடையை என் மடியில் இறக்கினாள். அந்தப் பழக்கமான இறக்கல் ஒன்றே போதுமே சாட்சிக்கு.

மகள் எழுந்து நின்றுவிட்டாள். “எங்கம்மாவுக்கு சுகர்னு உங்களுக்குத் தெரியாதா? ஏன் தினமும் போளி குடுக்கறீங்க? எங்கம்மா செத்துப்போனா நீங்களா வந்து பாத்துப்பீங்க?” குரல் உடைந்து அழுகையில் முடிந்தது.

பேருந்து முழுவதும் திரும்பியது. போளிக்கார அம்மாள் அவளைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். நான் கூடையின் துணியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஈரத்துணியில் சிவப்புக் கோடு, ஓரத்தில் ஒரு தையல். இன்றைக்கும் அந்தத் தையலை என்னால் வரைந்து காட்ட முடியும். வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொன்னால் தோசை சாப்பிட்ட குழந்தை மறுபடி சுவர்ப்பக்கம் திரும்பிவிடும்.

“தப்புதான் பாப்பா” என்றாள் அவள். “தெரியாத குட்த்துட்டேன். இனிமே குடுக்க மாட்டேன்.”

கூடையை எடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டு முன்பக்கம் நகர்ந்தாள்.

அதற்கப்புறம் என் மடிக்குக் கூடை வரவில்லை. மற்றவர்கள் நீட்டியும் அவள் யாரிடமும் கொடுக்கவில்லை. கம்பியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையால் கூடையை இடுக்கிக்கொண்டு, அந்த வளைந்த முழங்கால்களின்மேல் மாமல்லபுரம்வரை நிற்பாள். வேகத்தடை வரும்போதெல்லாம் கூடை ஆடும். “ஆயா, என் காலு நசுங்குது” என்பார் நடத்துநர். அவள் கூடையை இன்னும் இடுக்கிக்கொண்டு ஓர் அடி நகர்வாள். நான் ஜன்னலுக்கு வெளியே பார்ப்பேன். காலியான மடி அவ்வளவு கனக்கும் என்று நான் நினைத்ததில்லை.

சர்க்கரை இறங்கவில்லை. ஏன் இறங்கும்? மகள் கேட்டாள்: “இப்ப யார்கிட்ட வாங்கித் திங்கறே?” இந்த முறை அழவில்லை. களைத்துப்போன குரல். பதினான்கு வயதில் அந்தக் குரல் வரக்கூடாது.

முப்பத்தெட்டு கிலோவுக்கு வந்தேன். கரும்பலகையின் மேல்வரி எட்டவில்லை, கை தூக்கினால் இறங்கிவிடும். உட்கார்ந்தே பாடம் நடத்தினேன். ஒரு நாள் பதில் தாள் கட்டோடு சரிந்தேன். தலைமையாசிரியை என்னை வாடகைக் காரில் ஏற்றி, செங்கல்பட்டில் ராட்டினங்கிணறு பக்கம் புதிதாக வந்திருந்த ஒரு பெண் மருத்துவரிடம் கூட்டிப்போனார். சின்ன அறை, ஒரு மேசை, ஒரு எடை பார்க்கும் இயந்திரம். மகள் பள்ளியிலிருந்து நேரே அங்கே வந்துவிட்டாள், நோட்டோடு.

அந்த மருத்துவர் நோட்டை வாங்கிப் பக்கம் பக்கமாகப் படித்தார். இதுவரை யாரும் அதைப் படித்ததில்லை. பிறகு என் மாத்திரைப் பையைக் கொட்டினார்.

“இந்தத் தைராய்டு மாத்திரை எப்பலேர்ந்து?”

“இவ பிறந்ததிலேர்ந்து.”

“முன்ன பார்த்த டாக்டர்கிட்ட சொன்னீங்களா?”

“அவர் சர்க்கரைக்குத்தானே பார்த்தார்.”

அவர் என் கழுத்தைத் தொட்டுப் பார்த்தார். வேறு ஒரு ரத்தப் பரிசோதனை செய்யவேண்டும், இங்கே செய்யமாட்டார்கள், சென்னைக்கு அனுப்பவேண்டும் என்றார். எடுத்த ரத்தத்தைப் பனிக்கட்டி போட்ட பிளாஸ்கில் வைத்து மூடினார்கள். என்னில் ஒரு பகுதி மின்சார ரயிலில் போவதாக நினைத்துக்கொண்டேன். முடிவு வரப் பத்து நாளுக்கு மேல் ஆனது.

தாளில் ஆங்கிலத்தில் இருந்தது. ஐலெட் செல் ஆன்டிபாடி, பாசிட்டிவ். பாசிட்டிவ் என்றால் நல்லதா என்று மகள் கேட்டாள்.

“கணையத்துல சின்னச் சின்னத் திட்டா செல்லுங்க இருக்கும்மா, தீவு மாதிரி” என்றார் மருத்துவர். அவளிடம்தான் சொன்னார், என்னிடம் இல்லை. “இன்சுலின் அங்கதான் ஊறுது. வெளியிலேர்ந்து கிருமி வந்தா ரத்தத்துல அதுக்கு எதிரா ஒண்ணு உண்டாகும் இல்லையா, அதுக்குப் பேர்தான் ஆன்டிபாடி. உங்கம்மா உடம்பு அவங்களோட சொந்தத் தீவுகளையே வேத்தாளுன்னு நினைச்சு அதுக்கு எதிரா உண்டாக்கியிருக்கு. தைராய்டுக்கும் இதேதான் பண்ணியிருக்கு. வருஷக்கணக்கா, கொஞ்சம் கொஞ்சமா அழிஞ்சிருக்கு. மாத்திரை, இருக்கிற செல்லைத்தான் விரட்டி வேலை வாங்கும். ஆளே இல்லாத இடத்துல யாரை விரட்டும்?”

எப்படிக் கண்டுபிடித்தார்கள் என்று நான் கேட்டேன். கணையத்தின் மெல்லிய சீவல் ஒன்றைக் கண்ணாடிச் சில்லில் ஒட்டி, அதன்மேல் என் ரத்தநீரை விட்டு, ஒரு சாயம் சேர்த்து, நுண்ணோக்கியில் பார்ப்பார்களாம். பகை இருந்தால் தீவுகள் மட்டும் பச்சையாக ஒளிரும். யாருடைய கணையமோ. முன்பின் பார்க்காத ஒரு உடம்பின் தீவுகளைக்கூட என் ரத்தம் தேடிப்போய்ப் பிடித்துக்கொண்டிருக்கிறது. இருட்டறையில் யாரோ ஒருவர் ஒற்றைக் கண்ணை வைத்து அந்தப் பச்சையைப் பார்த்துவிட்டு, டீ குடிக்கப் போயிருப்பார். எனக்குள் இத்தனை வருடம் நடந்தது அழகாகக்கூட இருந்திருக்கும் போலிருக்கிறது. அதை நினைத்தபோதும் அசதிதான் வந்தது. என் பேச்சுக்கு இல்லாத மரியாதை என் ரத்தத்துக்கு இருந்தது.

“அப்ப அம்மா ஸ்வீட் சாப்பிட்டதால ஏறலையா?” என்றாள் மகள்.

“பச்சைத் தண்ணி குடிச்சிட்டு இருந்திருந்தாலும் ஏறியிருக்கும். இனி இன்சுலின் போட்டாகணும். போட்டா நல்லா இருப்பாங்க.”

வெளியே வந்து ரிக்‌ஷாவுக்கு நின்றோம். அவள் நோட்டை நெஞ்சோடு வைத்திருந்தாள்.

“அப்ப போளி?”

“சாப்பிடலை.”

“ஒண்ணுகூட?”

“ஒண்ணுகூட.”

கட்டிக்கொள்வாள் என்று எதிர்பார்த்தேன். இரண்டு வருடமாக நான் காத்திருந்தது இந்த ஒரு நிமிடத்துக்குத்தானே. அவள் ஒரு அடி தள்ளி நின்றாள்.

“நீ உண்மை சொன்னப்பல்லாம் நான் நம்பலை” என்றாள். “சரி, அது என் தப்பு. ஆனா நான் நம்பினது ஒரே ஒரு தடவை. அதுதான் பொய்.”

ஒரு வாரம் பேசவில்லை. ஆனால் காலையும் மாலையும் என் பக்கத்தில் உட்கார்ந்து, சின்ன பாட்டிலை உள்ளங்கையில் உருட்டி, ஊசியில் காற்றுக்குமிழ் இல்லாமல் ஏற்றிக் கொடுத்தாள். நான்காம் நாள் எனக்குப் பசித்தது. பல வருடம் கழித்துப் பசி. பத்தாம் நாள் கரும்பலகையின் மேல்வரி எட்டியது. தெரு முனை மருத்துவரிடம் போய்த் தாளைக் காட்டலாமா என்று யோசித்தேன். காட்டி என்ன ஆகப்போகிறது என்று விட்டுவிட்டேன்.

“சனிக்கிழமை நானும் வரேன்” என்றாள் மகள்.

அன்று ஜன்னலோரத்தில் நான், எனக்கு அடுத்து அவள் உட்கார்ந்தாள். திருக்கழுக்குன்றத்தில் போளிக்கார அம்மாள் ஏறி எங்களைப் பார்த்ததும் முன்பக்கமே நின்றுவிட்டாள். மகள் எழுந்து கூட்டத்தில் புகுந்து அவளிடம் போனாள். நானும் பின்னால் போனேன், அவள் பின்னால் ஒளிந்துகொள்கிற மாதிரி.

“கூடையைக் குடுங்க.”

“வோணாம் பாப்பா. நெய்யி ஒட்டிக்கும்.”

“எங்கம்மா உங்ககிட்ட போளியே வாங்கினதில்லைன்னு ஏன் நீங்க சொல்லலை?”

போளிக்கார அம்மாள் என்னைப் பார்த்தாள். நல்லவேளை, இந்த முறை நானும் அவளைப் பார்த்தேன். “பொய் சொன்னது நான்தாம்மா” என்றேன். “இவ சாப்பிடாம கிடந்தா. வாயில வந்ததைச் சொல்லிட்டேன். உங்க தலையில விடியும்னு நினைக்கலை.”

“அத்த வுடு டீச்சரு. இன்னாத்த சொல்றது சொல்லு? பாப்பா அயுதுகினு கீது. நீ தலைய தொங்கப் போட்டுகினு கீற. நான் இல்லேன்னு சொன்னா பஸ்ஸு மொத்தமும் வுன்னியதான் பாக்கும். நீ புள்ளைங்களுக்கு வாத்தியாரு. எனக்கு இன்னா, போளி விக்கறவ. நாலு பேரு வஞ்சா கூட வாங்கிகினு பூடுவேன்.” கொஞ்சம் நிறுத்தி, “ஆனா முட்டிதான் பேஜாரு பண்ணிச்சி” என்றாள்.

மகள் கூடையைப் பிடுங்காத குறையாக வாங்கிக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். தன் மடியில் வைத்து இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டாள். என் இடத்தில் போளிக்கார அம்மாளை உட்காரவைத்துவிட்டு நான் நின்றேன். அந்த இருக்கையில் அவள் உட்கார்ந்து அன்றுதான் பார்த்தேன்.

“அப்பாடா, எங்காலு பொயச்சிது” என்றார் நடத்துநர். “ஆயா, கூடைக்கு டிக்கெட்?”

“குந்திகினு வரேன்னு காண்டா வுனுக்கு? போய் விசில ஊதுய்யா.”

மாமல்லபுரத்தில் இறங்கும்போது மகளுக்கு ஒரு போளியை இலையில் மடித்துக் கொடுத்தாள். எனக்காக அவளும் இனிப்பை விட்டிருந்தாள் என்பது அவள் முதல் வாயை மென்ற விதத்தில்தான் எனக்குத் தெரிந்தது. மிச்சத்தில் நகத்தளவு பிய்த்து என் வாய்க்கு நீட்டினாள். ஊசி போட்டிருக்கிறது, இவ்வளவுக்கு ஒன்றும் ஆகாது. தினமும் ஒன்று என்று நான் ஒப்புக்கொண்ட போளியை அன்றுதான் முதல் முறையாகச் சாப்பிட்டேன். ஏலக்காய் கொஞ்சம் அதிகம்.

அதோடு நோட்டு நின்றது. ஆனால் எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுதிவிட்டுப் போக முடியவில்லை. அவள் இப்போது வேறு ஊரில் வேலை பார்க்கிறாள். இந்த ஆன்டிபாடி சோதனையை நீயும் செய்துகொள்ளலாம் என்று மருத்துவர் சொன்னதை இரண்டு முறை ஞாபகப்படுத்தினேன். பார்க்கலாம் என்கிறாள். நானும் அழுத்திச் சொல்வதில்லை. மாலையில் தவறாமல் போன் செய்வாள்.

“ஊசி போட்டியா?”

“இனிமேதான். இப்ப போடப்போறேன்.”

“நெஜமா?”

அந்த ஒரு வார்த்தைக்கு முன்னால் சின்னதாக ஒரு இடைவெளி விடுவாள். அந்த இடைவெளியை அவளுக்குக் கொடுத்தவள் நான்தான். அதனால் கோபித்துக்கொள்வதில்லை. ஊசியின் மூடியைக் கழற்றுகிற சத்தம் அவளுக்குக் கேட்கட்டும் என்று போனை வயிற்றுப் பக்கம் பிடித்துக்கொள்கிறேன்.